சகலையின் ஞாயிற்றுக்கிழமைகள்

தொண்ணூறுகளில் நாங்கள் மேற்கு மாம்பலத்தில் குடியிருந்தோம். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு அறையும் சமையலறையும் கொண்ட சின்ன போர்ஷன். இரண்டு தெரு தள்ளி என் மனைவியின் அக்கா வீடு. அக்காவின் கணவர், அதாவது என் சகலை, மத்திய அரசு ஆபீஸில் கிளார்க். அவருக்கு சனி, ஞாயிறு இரண்டு நாளும் லீவு.

நான் தி. நகரில் ஒரு பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிறவன். ஊரே சாமான் வாங்க வருகிற நாள் ஞாயிறு என்பதால் அன்றைக்கு எங்களுக்கு லீவு என்ற பேச்சே கிடையாது. வாரத்தின் நடுவில் ஒரு நாள் விடுவார்கள். அந்த நாள் தண்ணீர் லாரிக்கும் ரேஷன் கடைக்கும் சரியாகப் போய்விடும்.

பத்தாவது வரைதான் படித்தேன் என்றாலும் என் கையெழுத்து நன்றாக இருக்கும். கடை வாசலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். மெஷின் போடுகிற சத்தத்தில் யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை. சட்டென்று பேச வராத எனக்கு அது வசதி. ஆனால் காது கேட்கும் அல்லவா? ஞாயிறு மாலையில் ஜோடி ஜோடியாக வருவார்கள். பெண்ணின் தலையில் பூ வாடாமல் இருக்கும். ஆணின் கையில் வேறு கடைகளின் பைகள் தொங்கும்.

"மொதல்ல என் பேரு போடுங்க. அப்புறம் இவரு."

"ஏன், துட்டு குடுத்தது நானு."

"நீ குடு. அதுல பொங்கப் போறது யாரு?"

இரண்டு பெயரையும் வெட்டித் தருவேன். தகராறும் சிரிப்புமாக அவர்கள் பாண்டி பஜார் பக்கம் நடந்து போவதைக் கூட்டம் மறைக்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் மனைவி ஞாயிறு முழுக்க வீட்டில் தனியாக இருப்பதைப் பார்த்து சகலைதான் ஒரு நாள் பேச்சை எடுத்தார். "சகல, நீங்க பாட்டுக்குக் கடையே கதின்னு கெடக்கறீங்க. அது பாவம், நாலு செவுத்தப் பாத்துகினு உக்காந்திருக்கு. எங்ககூட வரட்டுமே. எங்களுக்கு இன்னா பாரமா?" எப்படி மறுப்பது? தலையாட்டினேன்.

அதிலிருந்து ஞாயிறு தோறும் மூன்று பேரும் கிளம்பினார்கள். ஒரு வாரம் கிண்டி பாம்புப் பண்ணை, ஒரு வாரம் சாந்தோம், ஒரு வாரம் மயிலாப்பூர். பல வாரங்கள் பெசன்ட் நகர் பீச். கடை மூடி நான் வந்து சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பிப்பாள். கையில் கரண்டி அப்படியே நிற்கும், கண் இரண்டும் விரியும்.

"அலை இம்மாம் உசரம் வந்துச்சுங்க. மாமா சொன்னாரு, அமாவாசைக்கு இன்னும் பெருசா வருமாம்."

அக்கா கணவர் அவளுக்கு மாமா. மாமா சொன்னாரு, மாமா வாங்கித் தந்தாரு, மாமா சிரிக்க வச்சாரு. நான் ரசத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். சந்தேகம் எதுவும் இல்லை. அவரும் அப்படிப்பட்டவர் அல்ல, இவளும் அல்ல. பொறாமை, அவ்வளவுதான். பக்கத்தில் அவர் பெண்டாட்டி, எதிரில் கடல், அது போதாதென்று என் பெண்டாட்டியின் சிரிப்பும் அவருக்குத்தான். அவள் அப்படிக் கண்ணை விரித்துச் சொல்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நானும் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வேறு எதற்கும் அந்த நாட்களில் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் முதலாளி வீட்டில் ஒரு பெரியவர் இறந்துபோனார். மறுநாள் கடை கிடையாது என்றார்கள். செத்தவருக்காக வருத்தப்பட வேண்டிய நேரத்தில் என் மனசு துள்ளியது. காலையில்தான் அவளிடம் சொன்னேன்.

"இன்னைக்குக் கடை லீவு."

"அப்படியா? அப்ப நீங்களும் வாங்களேன்! மாமா பீச்சுக்குக் கூட்டிட்டுப் போறேன்னாரு."

சகலையின் ஞாயிற்றுக்கிழமைக்கு என் பெண்டாட்டி என்னை விருந்துக்குக் கூப்பிடுகிறாள்!

"நாம தனியாப் போலாம்" என்றேன். அதட்டலாகச் சொல்ல நினைத்தது கெஞ்சலாக வந்தது.

அவள் அக்கா வீட்டில் சொல்லிவிட்டு வரக் கிளம்பினாள். திரும்பி வந்தபோது முகம் சுருங்கியிருந்தது. "அக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிச்சு."

"உங்க மாமா இன்னா சொன்னாரு?"

"'நீ வரலன்னா பீச்சுக்கு எப்படிப் போறது'ன்னாரு."

புருஷனும் பெண்டாட்டியும் பீச்சுக்குப் போக இவள் எதற்கு? எனக்கு விளங்கவில்லை.

முதலில் மயிலாப்பூர் போனோம். தெப்பக்குளத்துப் படியில் உட்காரப் போனேன். கையைப் பிடித்து இழுத்தாள். "அங்க வேணாங்க, வெயில் அடிக்கும். அந்தப் பக்கம்தான் நெழலு. மாமா சொன்னாரு." காப்பி குடிக்க ஒரு கடை வாசலில் நின்றேன். "இங்க கசக்கும். நாலு கடை தள்ளிப் போகலாம், மாமா எப்பவும்..." அவள் முடிப்பதற்குள் உள்ளே போய் இரண்டு காப்பி சொல்லிவிட்டேன். கசந்தது. முழுசாகக் குடித்தேன். நான் பிறந்து வளர்ந்த ஊரில், வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரனைப் போல என்னைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். போகிற இடமெல்லாம் சகலை எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

வெயில் தாழ்ந்ததும் பெசன்ட் நகர் பஸ் பிடித்தோம். பீச்சில் சரியான கூட்டம். மணலில் இறங்கியதுமே, வண்டியில் சோளம் சுட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா இவளைப் பார்த்துவிட்டுக் கை காட்டினாள்.

"வா கண்ணு! எங்க, உன் ஜோடிங்க ரெண்டும் வர்ல? இது யாரு, புதுசா கீறாரு?"

"எங்க வீட்டுக்காரர்."

"வூட்டுக்காரரா! நான் உன் புருசன் துபாய்ல கீறான்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்!"

"இல்லம்மா, தி. நகர்ல கடையில இருக்காரு."

"தி. நகரா?" அந்த அம்மா விசிறியை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன் நைனா, தி. நகர்லேர்ந்து இங்க வர்றதுக்கு உனக்கு இத்தினி நாளா ஆச்சு?"

பக்கத்தில் சோளம் வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். என் காது சுட்டது. அந்த அம்மா விடவில்லை. வண்டிக்குப் பக்கத்து மணலைக் காட்டி, "குந்து கண்ணு, உன் எடம் காலியாத்தான் கீது" என்றாள்.

"உன் இடமா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"அது ஒண்ணுமில்லங்க."

"இன்னா ஒண்ணுமில்ல?" அந்த அம்மா கரியைக் கிளறினாள். "வந்தா இங்கதான் குந்திகினு இருக்கும், செருப்புங்களக் காவல் காத்துகினு. அந்தாளும் பொண்டாட்டியும் தண்ணில ஆடு ஆடுன்னு ஆடிட்டு இருட்டினப்புறம்தான் வருவாங்க."

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் கடலைப் பார்த்தாள்.

"நீ தண்ணில எறங்கினதே இல்லையா?"

"யாராவது ஒருத்தர் செருப்பப் பாத்துக்கணுமேங்க. அக்காவோடது ஒரு தடவ காணாமப் போயிடுச்சு."

"அலை இம்மாம் உசரம் வந்துச்சுன்னு சொன்னியே?"

"வந்துச்சே. இங்கேருந்து நல்லாத் தெரியும்."

அவளை நினைத்து எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, பிறகு. அப்போது வந்தது பொறாமைதான், முன்பைவிடப் பெரிதாக. பெண்டாட்டி சகலைக்கு, கடலும் சகலைக்கு, செருப்புக் காவலுக்கு ஆள் மட்டும் என் வீட்டிலிருந்து போயிருக்கிறது.

"சகல!" என்று பின்னால் குரல் கேட்டது. சகலையும் அக்காவும் மணலில் கால் புதையப் புதைய வந்துகொண்டிருந்தார்கள். "நீங்க இங்கதான் வருவீங்கன்னு எனக்குத் தெரியும்!" என்றபடியே அவர் செருப்பைக் கழற்றி என் மனைவியின் காலடியில் வைத்தார். அக்காவும் கழற்றினாள். "பாத்துக்கோம்மா, நாலு அலை பாத்துட்டு வந்துடறோம். சகல, நீங்களும் உக்காருங்க, பேச்சுத் துணைக்காச்சு."

குனிந்து என் செருப்பைக் கழற்றி அவர்கள் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். பேண்டை முழங்கால் வரை மடித்தேன். அவள் என்னைப் பார்த்தாள், செருப்புகளைப் பார்த்தாள். அவளும் கழற்றினாள்.

"அக்கா, இன்னைக்கு நீ பாத்துக்க."

"நானா?" அக்கா புருஷனைப் பார்த்தாள்.

சகலை சோளக்கார அம்மாவிடம் திரும்பினார். "எம்மா, கொஞ்சம் பாத்துக்கறியா?"

"எனக்கு யாவாரம் கீதுப்பா" என்றாள் அவள்.

நாங்கள் அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தோம். முதல் அலையில் அவள் கத்தினாள். என் கையைப் பிடிக்கவில்லை, சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது அலையில் ஒரு பொத்தான் போயிற்று. திரும்பிப் பார்த்தேன். செருப்புகளுக்கு நடுவில் அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். சகலை கணுக்கால் தண்ணீரில் தனியாக நின்றார். ஜோடி இல்லாமல் கடலில் நிற்கும்போது கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அவருக்கு எப்படி இருந்ததோ தெரியாது. எனக்கு நன்றாக இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டே சொன்னாள், "அடுத்த வாரமும் பீச்சுதானாம். அக்கா கூப்பிட்டுச்சு."

"போறியா?"

"நீங்க கடைக்குப் போயிடுவீங்க. நான் வீட்ல இன்னா பண்றது?"

அதுவும் சரிதான். பஸ் அடையாறு பாலத்தைத் தாண்டியது. பிறகு சொன்னேன். "போ. ஆனா செருப்பப் பாத்துக்காத."

"அப்ப யாரு பாத்துக்கறது?"

"உங்க மாமா பாத்துக்கட்டும்."

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு அவர்களுடன் போனாள். நான் முக்காலியில் உட்கார்ந்து ஊரார் பெயர்களை வெட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது கொடியில் அவள் புடவை காய்ந்துகொண்டிருந்தது, முழங்கால் உயரத்துக்கு உப்புக் கோடு படிந்து. நான் சொன்னதைத்தான் செய்திருக்கிறாள். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எந்த அலை வந்து நனைத்ததோ, அப்போது யார் சட்டையைப் பிடித்தாளோ, இல்லை, அக்காவின் முந்தானையைத்தான் பிடித்திருப்பாள், என்று நினைத்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தேன்.