மைதீன் திரும்பப் பெற்ற கட்டுரை

கடையநல்லூரிலிருந்து தந்தி வந்து சேர்ந்தபோது மைதீனை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள். மாரடைப்பு. நாற்பது வயதுகூட ஆகவில்லை. எங்களோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவன்மீது எனக்கிருந்த கோபம் உங்களுக்குத் தெரியும். மீதியும் தெரிய வேண்டும்.

முனைவர் பட்டம் முடித்தபின் வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவித்தொகை பெற்று இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். எரிபொருள் தீர்ந்த பெரிய நட்சத்திரம் தன்மேலேயே இடிந்து விழும். தென்காசிக்கும் கடையநல்லூருக்கும் இடைப்பட்ட தூரத்துக்குள் அடங்கிவிடுகிற ஒரு கரு நடுவில் மிஞ்சும். அதன்மேல் வந்து விழுவதெல்லாம் என்ன ஆகும் என்பதுதான் எங்கள் கேள்வி.

ஊருக்கு வந்திருந்த ஒரு சாரல் கால விடுமுறையில் குற்றாலம் பேரருவியில் குளித்துவிட்டு நின்றோம். மேலிருந்து வரும் தண்ணீர் பாதியில் பொங்குமாங்கடல் என்கிற பாறைக்குழியில் மோதி எழும்பி, அதன்பிறகுதான் கீழே விழுகிறது.

"வே மைதீன், நம்ம நட்சத்திரமும் இப்படித்தான். கருவுல மோதுனது திரும்பி வெளிய தெறிக்கும்" என்றேன்.

"பாக்க நல்லாத்தான் இருக்கு. கணக்கு என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்று தலையைத் துவட்டினான்.

கணக்கும் ஆமென்றது. நட்சத்திரம் வெடிப்பது இப்படித்தான் என்று எழுதினோம். ஆய்விதழில் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் உதவித்தொகை நீடிப்பது அதை நம்பித்தான் இருந்தது. அச்சேறும் முன் மைதீன் தவறைக் கண்டான். மோதித் திரும்பும் விசை, எதிரே விழுந்து வரும் இரும்பின் அணுக்கருக்களை உடைப்பதிலேயே செலவழிந்துபோகும். நாங்கள் அதைக் கழிக்கவே இல்லை. கழித்தால் விசை பாதி வழியில் நின்றுவிடுகிறது. நட்சத்திரம் வெடிக்கவில்லை.

"யாரும் கண்டுபிடிக்கப் போறதில்லவே. வீட்டுல கைப்பிள்ளை இருக்கு, வயித்துல அடிச்சிராதீரும்" என்று கெஞ்சினேன்.

"நாம கண்டுபிடிச்சிட்டோம்லா" என்றான்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றான். இருவருக்கும் வேலை போயிற்று. அவன் ஊரோடு போய்ப் பள்ளியில் கணக்கு வாத்தியாரானான். நான் வேறோர் ஊரில் எப்படியோ பிழைத்துக்கொண்டேன். அவன் கல்யாணத்துக்கும் நான் போகவில்லை.

வானிலிருந்து சீரான வானொலித் துடிப்புகள் வருகின்றன, அவை அப்படிச் சுருங்கிய கருக்களிலிருந்து வரலாம் என்று செய்தித்தாளில் படித்த பிறகு இருப்புக்கொள்ளவில்லை. கடையநல்லூருக்குப் பஸ் ஏறினேன். என்னைக் கண்டதும் வாசலிலேயே, "பேப்பர் பாத்தீரா? கரு இருக்குவே!" என்றான். பழைய சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"அன்னைக்கு நீரு பேசாம இருந்திருந்தா, இன்னைக்கு நம்ம பேரும் இருந்திருக்கும்."

"பேரு இருந்திருக்கும். நட்சத்திரம் வெடிச்சிருக்காதுல்லா" என்றான். "சரி, வாரும். சோறு ஆறுது."

சாப்பிட்டேன். அதற்குமேல் கோபத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை. அதுவே கடைசிச் சந்திப்பு.

தந்தி வந்தபோது என் மேசையில் ஒரு கட்டுரை உறையிலிட்டு ஒட்டித் தபாலுக்குக் காத்திருந்தது. என் பதவி உயர்வு அதில் இருக்கிறது. உறையைக் கிழித்து முதலிலிருந்து கணக்குப் போட்டேன். எதைக் கழிக்காமல் விட்டீர் என்று அவன் கேட்பதுபோலவே இருந்தது. ஓரிடத்தில் விட்டிருந்தேன். யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

மைதீனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வி ஒன்றுதான். அடக்கத்துக்குப் போய்ச் சேர என்னால் முடியவில்லை. கட்டுரையை நான் அனுப்பவில்லை.