கோப்பிக் காசு

அற்புதம்மாள் பிறந்தது, கல்யாணம் கட்டியது, புருஷனைப் புதைத்தது எல்லாம் ஒரே தேயிலைத் தோட்டத்தில்தான். மலைமேல் இருந்த சின்ன டவுன் தானா ராத்தாவைத் தாண்டி அவளுக்கு உலகம் தெரியாது. மகள் கத்தரீனாவது தாண்டிவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஜெபம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் கத்தரீன் மூன்றாம் படிவப் பரீட்சையில் நல்ல தேர்ச்சி பெற்றாள். மேலே படிக்க மலைக்குக் கீழே ஒரு பள்ளி. தினமும் இறங்கி ஏற முடியாது, விடுதியில் இடம் கிடைத்தால்தான் படிப்பு. தலைமையாசிரியர் சரி என்றுவிட்டார். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! இங்கே பூசாரி, பள்ளிக்கூடத்துக் குமாஸ்தா, கிராணி அல்போன்ஸ். இதே தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் மூக்கொழுகத் திரிந்தவர்தான்.

"இடம் கஷ்டம்க்கா. பாக்கலாம்லா. அடுத்த வாரம் வாங்க, கோப்பிக் காசு மட்டும் மறந்துடாதீங்க."

டவுனில் இதற்கு அர்த்தம் லஞ்சம் என்று தெரியாதவன் இல்லை. தோட்டத்தில் கங்காணிக்குக் கோழி கொடுத்துப் பழகியவளுக்கு, யாரும் கோப்பிக்குக் காசு கேட்டுத் தெரியாது. நம்ம லயத்துப் பிள்ளை, ஏதோ ஆசையாகக் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கடைக் கோப்பி எதற்கு? தோட்டத்திலேயே உயர்ந்த தேயிலைத் தூளை வாங்கி, பால் ஊற்றிக் காய்ச்சி, ஃபிளாஸ்கில் அடைத்தாள். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தபடி பஸ்ஸில் மலை இறங்கினாள். ஃபிளாஸ்கை மட்டும் மடியிலிருந்து விடவில்லை.

"கோப்பி என்னா தம்பி கோப்பி! நம்ம தோட்டத்து தே குடிங்க."

அல்போன்ஸ் விழித்தார். பிறகு பக்கத்து மேசைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தேநீர் பிடித்துவிட்டது என்று எண்ணி அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

விடுதியின் கடைசிக் கட்டில் ஒரு காய்கறி லோரி முதலாளியின் மகளுக்குப் போனது. தகரப் பெட்டியோடு போன தாயையும் மகளையும் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

"என்னம்மா கேட்டாரு அவரு?"

"கோப்பிக் காசுதான்டி. நான் தேயே கொண்டுபோய்க் குடுத்தேனே."

கத்தரீன் தாயைப் பார்த்தாள்.

"அது குடிக்கிற கோப்பி இல்லம்மா."

திங்கட்கிழமை கத்தரீனும் கொழுந்துக் கூடை மாட்டினாள்.

ஒன்பது வருஷம் கழித்து, தோட்டத்து மாதா கோயில் திருவிழாவுக்கு அல்போன்ஸ் விருந்தாளியாக வந்தார். கழுத்தில் மாலை. பூசை முடிந்து எல்லாருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அற்புதம்மாள், அவருக்கு மட்டும் தனியாக ஒரு குவளை நீட்டினாள்.

"ஒங்களுக்குக் கோப்பி, ஐயா. அப்பத் தெரியாமப் போச்சு."

எத்தனை வருஷம் மனசுக்குள் வைத்திருந்தாளோ. அல்போன்ஸ் வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"நீங்க எந்த லயம்மா? கோப்பி நல்லா இருக்கு. சீனிதான் கொஞ்சம் கம்மி."

குடித்து முடித்துக் குவளையைப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் நீட்டினார். கத்தரீன் வாங்கிக் கழுவினாள்.