பாய்ச்சல் என்று ஒரு தலைப்பு

அந்த வீட்டு மூத்த மருமகள் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் உதவி ஆசிரியர். நிருபர்கள் அனுப்புவதைத் திருத்தித் தலைப்பு வைப்பது அவள் வேலை. காலையில் ஊரே படிப்பது அவள் எழுத்தைத்தான். பெயர் மட்டும் எங்கும் வராது.

அவளுடைய ஓரகத்தி கல்லூரியில் இதழியல் பாடம் நடத்துபவள். வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான்; அதற்குள் டிவி விவாதம், கருத்தரங்கம் என்று அமர்க்களப்படுத்தினாள். "சின்னவ பேசினத ரெண்டு தடவ போட்டுப் பாத்தேன்" என்பார் மாமியார். மூத்தவள் தட்டைக் கழுவப் போய்விடுவாள்.

பஸ் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்த வாரம் சின்னவள் நூலக அரங்கில் பேசினாள். குறை கண்டுபிடிக்கவென்றே மூத்தவள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். திரையில் மூத்தவள் வைத்த தலைப்பே வந்து நின்றது: 'ஊழியர்கள் பிடிவாதம், பயணிகள் தவிப்பு.'

"ரெண்டு தரப்பும்தான் இறங்கி வரல. ஆனா இதுல நிர்வாகம்ங்கற வார்த்தையே இல்ல. இதப் படிச்சிட்டு பஸ் ஸ்டாப்ல நிக்கறவங்க யாரத் திட்டுவாங்க?" என்றாள் சின்னவள். யார் வைத்த தலைப்பு என்று சொல்லவில்லை. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. சொன்னது தப்பாக இருந்திருந்தால் இத்தனை எரிந்திருக்காது. பஸ் வராத நிறுத்தத்தில் ஒருவர், 'என்ன பிடிவாதம் இவங்களுக்கு' என்று அலுத்துக்கொண்டதை அவளே காலையில் கேட்டிருந்தாள். தன் சொல் ஊர் வாயில் நடமாடுகிறதே என்று உள்ளூரப் பூரித்தும் இருந்தாள்.

மாலையில் அந்தக் கூட்டத்தின் செய்தி அவள் மேஜைக்கே வந்தது. நிருபர் 'விளக்கினார்' என்று எழுதியிருந்ததை 'சாடினார்' ஆக்கினாள். மேலே 'பத்திரிகைகள் மீது பேராசிரியை பாய்ச்சல்' என்று வைத்தாள். ஒரு சொல்தானே, பொய்யில்லையே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் மாமியாரிடம், "உங்க சின்ன மருமக எல்லாரையும் உலுக்கி எடுத்துட்டாங்களாமே" என்று விசாரித்தார். கல்லூரி முதல்வர் சின்னவளைக் கூப்பிட்டுக் கண்டித்தார். அடுத்த கருத்தரங்கில் அவளுக்கு இடமில்லை என்றார்கள். "கொஞ்சம் வாய அடக்கியிருக்கலாம்" என்றார் மாமியார், அவள் என்ன பேசினாள் என்று கேட்காமலேயே.

இந்த வார்த்தைக்காகத்தான் மூத்தவள் இத்தனை நாள் ஏங்கியிருந்தாள். காதில் விழுந்தபோது இனிக்கவில்லை. பத்திரிகை ஆசிரியரிடம் போய் நடந்ததை ஒப்புக்கொண்டு, திருத்தம் போடச் சொன்னாள். அது வந்ததும் சின்னவளிடம் நீட்டினாள்.

"நான்தான் மாத்தினேன். தப்புதான்."

"பாத்ததுமே உங்க கைன்னு தெரிஞ்சுதுக்கா." சின்னவள் குரலை உயர்த்தவில்லை. "பாஞ்சது முதல் பக்கம். பாயலங்கறது விளம்பரத்துக்கு அடியில ஒத்த வரி. இத யாரு படிக்கப்போறா?"

பையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பிவிட்டாள். மூத்தவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும், அப்படி நறுக்கென்று ஒரு வாக்கியம் தன் வாயில் வரவில்லையே என்ற எரிச்சல் அன்று முழுக்க அவளை விடவில்லை.