முதல் வளைவில் காணாமல் போன சர்ச்

ஒரு திங்கட்கிழமை காலை ஆபீஸுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால், மொனாக்கோவின் முதல் வளைவில் இருந்த சர்ச்சைக் காணோம்!

தொண்ணூறுகளின் கடைசி. அமெரிக்காவில், சான் ஹொசேயில் ஒரு வீடியோ கேம் கம்பெனி. மொனாக்கோ தெருக்களில் நடக்கும் கார் ரேஸை கேமாகச் செய்துகொண்டிருந்தோம். ரோடும் ஓரத்துக் கட்டடங்களும் என் பொறுப்பு. மேட்டு மேல் கேசினோ, டனல், நீச்சல் குளம், முதல் வளைவில் அந்தச் சின்ன சர்ச். எல்லாம் போட்டோக்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தது.

தூக்கியது எங்கள் டீம் லீட் சேகர், மாம்பலத்துக்காரர். என் கிரீன் கார்டு பேப்பர்கள் அவர் கையெழுத்துக்காக அவர் மேஜையில்தான் கிடந்தன. இருந்தாலும் போய்க் கேட்டேன்.

"கட்டடம் ஜாஸ்தி, கேம் ஸ்லோ ஆகுது ஆல்பர்ட். ரோட்டைத்தானே பாப்பாங்க? பில்டிங்கை யாரு பாக்கப் போறா?"

"அந்த சர்ச்சைப் பாத்துதான் பிரேக் போடுவாங்க சேகர். வேணும்னா கேசினோவுல குறைச்சுக்கலாம்."

"என்னய்யா, சர்ச்னதும் பக்தி பொங்குதா?"

எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. நான் தூத்துக்குடி கத்தோலிக்கன்தான். அதுக்காக? அங்கே மசூதி இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை, கேமை விற்கப்போகிற கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து ஓட்டிப் பார்த்தார். முதல் வளைவிலேயே சுவரில் மோதினார். திரும்ப ஓட்டினார், திரும்ப மோதினார். சேகர் கொஞ்சமும் கூசாமல், "ஆல்பர்ட் செஞ்ச டிராக்ல ஏதோ பக் இருக்கு" என்று அவரிடம் இங்கிலீஷில் சொன்னார்.

அடப்பாவி! தூக்கினது நீ, பழி என் தலையிலா?

மறுநாள் சேகர் வீட்டு கிரகப்பிரவேசம். அன்று காலையில்தான் ஆபீஸில் எல்லோருக்கும் வழி சொல்லியிருந்தார். அந்த மீட்டிங்கிலேயே நான் எழுந்து நின்றேன்.

"சேகர், உங்க புது வீட்டுக்கு எப்படி வரணும்?"

"எக்ஸிட் எடுத்து, கேஸ் ஸ்டேஷன் தாண்டி, பச்சைக் கூரை வீடு வந்ததும் ரைட். அதுக்கென்ன இப்போ?"

"உங்க வீட்டுக்குத் திரும்ப மட்டும் பச்சைக் கூரை வேணும். இந்த மனுஷன் மொட்டை ரோட்ல திரும்பணுமா?"

சர்ச் இருந்த பழைய பதிப்பைப் போட்டேன். வந்தவர் அழகாகத் திரும்பி மேடேறினார்.

சர்ச் திரும்பி வந்தது. ஆனால் கேமின் முடிவில் ஓடிய பெயர்களில் 'சர்க்யூட் டிசைன்' என்று வந்தது சேகர் பெயர். என் பேப்பர்கள் அந்த மேஜையை விட்டு நகரவே இல்லை. வேறு கம்பெனிக்குப் போய் கிரீன் கார்டுக்கு முதலிலிருந்து வரிசையில் நின்றேன்.

"விசாவுல இருக்கறப்போ லீடை எதிர்த்துப் பேசலாமா அங்கிள்?" என்று இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். பேசுங்கள். தெரிந்ததை மீட்டிங்கில், எல்லார் முன்னாடியும் சொல்லுங்கள். பேப்பரை மறுபடி போட்டுக்கொள்ளலாம். என் பேர் வராவிட்டால் போகட்டும். அந்தச் சர்ச்சைப் பார்த்து பிரேக் போடாமல், சேகரே ஓட்டினாலும் அந்த வளைவில் திரும்ப முடியாது.