பௌதியின் லேப்டாப்பில் நான் அழித்தது

லேக் கார்டன்ஸில் எங்கள் எதிர் ஃபிளாட்டில் கணவரை இழந்த ஒரு வங்காளி அம்மாள் தனியாக இருக்கிறார். நாங்கள் அவரை பௌதி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய பழைய லேப்டாப் திணறுவதைப் பார்த்து, "லினக்ஸ்னு வேற சிஸ்டம் போட்டுத் தரேன் பௌதி, இலவசம், யாருக்கும் சுலபம்" என்று நானே வலியப் போனேன். போட்டோக்களை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, மற்றதை மொத்தமாக அழித்தேன்.

மறுநாள், "அவர் பாடிப் பதிவு பண்ணினதெல்லாம் எங்கே இருக்கு?" என்று கேட்டார். என்னென்னவோ செய்தும் ஒரு வரிகூடத் திரும்பவில்லை. உண்மையைச் சொன்னேன். திரையையே பார்த்திருந்தவர், "வேகமாத்தான் ஓடுது" என்றார்.

இன்றும் அதில்தான் மகளோடு பேசுகிறார். லினக்ஸ் அவருக்குப் பொருந்திவிட்டது. ஒரு வார்த்தை கேட்காமல் அழித்தவன் நான்தான். சாயங்காலங்களில் அவர் வீட்டிலிருந்து வந்த பாட்டை ரேடியோ என்றே நினைத்திருந்தேன். இப்போது அது கேட்பதில்லை.