கண்ணில் படாத ஆமைகள்

என் மனைவி மரிகோ கிரீஸில் எங்கள் ஏஜினா தீவின் பல் டாக்டர். துறைமுகத்துக்குப் பின்தெருவில் இருந்த அவளுடைய அறையில் இந்தத் தீவில் பாதிப் பேராவது வாயைத் திறந்திருப்பார்கள். மீதிப் பேர் பயந்தாங்கொள்ளிகள். நானும் அந்த ரகம்தான். கப்பல் டிக்கெட் கொடுக்கும் கூண்டில் உட்கார்ந்து கடைவாய்ப் பல்லைக் கையால் பொத்திக்கொண்டே ஒரு கோடைகாலத்தை ஓட்டியவன். கடைசியில் தாங்காமல் போனேன். அவள் பல்லைப் பிடுங்கிய கையோடு, என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டேன். "முதல்ல பஞ்சைக் கடி," என்றாள். அது மறுப்பு இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் குடும்பத்துக்குள் ஆமைகள் புகுந்ததற்கு ஒரு மியூசியக் காவலாளிதான் காரணம். பல் கட்டிக்கொண்ட சந்தோஷத்தில், வாங்க டாக்டரம்மா என்று கூட்டிப்போய் அந்தக் காலத்து வெள்ளிக்காசுகளைக் காட்டியிருக்கிறான். எங்கள் தீவின் காசில் ஒரு பக்கம் கடலாமை இருக்கும். ஊருக்கெல்லாம் தெரிந்த சங்கதி. மரிகோ இரண்டு காசுகளை மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"ரெண்டு ஆமைக்கும் இடது முன்கால் ஒரே மாதிரி கோணலா இருக்கே! ஒரே அச்சுல அடிச்சதா?"

அதேதான். அச்சைக் கையால் செதுக்குவார்கள். ஒரே ஆள் செதுக்கினாலும் ஒன்றைப்போல் இன்னொன்று வராது. கிடைத்த காசுகளையெல்லாம் பார்த்து, எது எந்த அச்சில் பிறந்தது என்று பிரித்தால் எத்தனை அச்சு வேலை செய்தது என்று தெரிந்துவிடும். அதை வைத்து எவ்வளவு வெள்ளி காசாக மாறியது என்று உத்தேசம் சொல்லலாம். ஓர் அச்சு எத்தனை காசு அடித்துவிட்டு உடையும்? பத்தாயிரம் என்பார் ஒருவர், இருபதாயிரம் என்பார் இன்னொருவர். மரிகோ அந்தச் சண்டைக்கே போகமாட்டாள். "அச்சு எத்தனைன்னு நான் சொல்றேன். பெருக்கிக்கிறது அவங்க பாடு," என்பாள்.

அன்றைக்குத் தொற்றிய பைத்தியம் இருபது வருஷத்துக்கு மேலாகியும் தெளியவில்லை. எங்கெங்கோ உள்ள மியூசியங்களிலிருந்து படங்கள் வந்தன, பிரதிகள் வந்தன. பல் அச்செடுக்கும் பிளாஸ்டரில் அவளே வார்த்தது வேறு. சாப்பாட்டு மேசை ஆமைகளுக்குப் போயிற்று, பியானோவின் மேல்பக்கமும் போயிற்று. நாங்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். அச்சுகளுக்கு எண் கொடுப்பதுதான் வழக்கமாம். இவளோ தன்னிடம் வந்த நோயாளிகளின் பெயரை வைத்தாள். ஓட்டில் விரிசல் விழுந்தது மீன்காரன் தசோஸ். கழுத்து தடித்தது போன தடவை இருந்த மேயர். வீட்டில் விருந்தாளி இருக்கும்போது, "மேயருக்கு வலது பின்கால் தேஞ்சுபோச்சு," என்று உரக்கச் சொல்லி என்னைப் பல தடவை சங்கடத்தில் மாட்டிவிட்டிருக்கிறாள்.

எனக்கு ஒன்று மட்டும் பிடிபடவே இல்லை. கண்ணில் படாத அச்சுகளையும் கணக்கில் சேர்க்கவேண்டும் என்றாள்.

"பார்க்காததை எப்படி எண்ணுவே? ஊரை ஏமாத்தற வேலையா இருக்கே?"

"சரந்தி, நீ இத்தனை வருஷம் துறைமுகத்துல உட்கார்ந்திருந்தவன்தானே? ஒரு புதுத் தீவுக்குப் போறேன்னு வை. மூணாம் நாளும் எதிர்ல வர்றவன் எல்லாம் புது முகமா இருந்தா என்ன அர்த்தம்? இன்னும் நிறையப் பேர் இருக்காங்க. பார்த்த முகமாவே வந்தா? ஊரே அவ்வளவுதான், ரெண்டொரு பேர்தான் வீட்டுக்குள்ள இருக்கான்."

அவளுடைய அச்சுகளில் அநேகமாக எல்லாமே பல தடவை தலைகாட்டியவை. ஒரே ஒரு தடவை வந்தவை சொற்பம். அதிலிருந்து ஏதோ வகுத்துப் பெருக்கி, இன்னும் கண்ணில் படாதவை ஐந்தாறு இருக்கலாம் என்று எழுதிப் புத்தகத்தை முடித்தாள். நான் நம்பவில்லை. ஆனாலும் நல்ல மீனாக வாங்கி வந்து பொரித்தேன்.

புத்தகத்தை அச்சகத்துக்குக் கொடுக்கும் நேரத்தில் போன் வந்தது. கடலுக்கு அக்கரையில் பெலப்பொனேசில் ஓர் ஊரில் கால்வாய் வெட்டும்போது ஒரு பானை கிடைத்ததாம், உள்ளே முழுக்க ஆமைக்காசு. மரிகோவின் முகம் வெளுத்துவிட்டது. பானையில் புது அச்சுகள் நிறைய இருந்தால் கணக்கு பொய். மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். அதற்கு அவளுக்குக் கண் இல்லை. விழித்திரை தேய்கிறது, கொஞ்ச காலத்துக்குத்தான் நுணுக்கமாகப் பார்க்க முடியும் என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார். இந்தக் கணக்கு நின்றால் உண்டு, விழுந்தால் போச்சு.

கப்பல் ஏறி, பஸ் பிடித்துப் போனோம். எள் தூவிய ரொட்டி வளையத்தைக் கையில் பிடித்தபடியே வந்தாள், கடிக்கவில்லை. அந்த ஊர் மியூசியத்தில் லியாப்பிஸ் என்ற அதிகாரி உற்சாகமாகத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

"ஏதாவது புதுசா இருந்தா எங்களுக்கு அதிர்ஷ்டம், டாக்டரம்மா!"

"உங்க வாயை மூடுங்க," என்றாள் மரிகோ. பல் டாக்டர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

உருப்பெருக்கியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு குனிந்தாள். "இது மேயர். இது தசோஸ். இதுவும் தசோஸ். இது நம்ம ரொட்டிக்கடைக்காரி." லியாப்பிஸ் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். தெரிந்த முகமாகவே வந்துகொண்டிருந்தது. என் நெஞ்சு பாரமும் கொஞ்சம் இறங்கியது.

திடீரென்று பேச்சு நின்றது. அடுத்தடுத்து மூன்று காசுகளைப் புரட்டினாள், மறுபடி புரட்டினாள்.

"தெரியலை, சரந்தி. இந்த மூணும் யாருன்னே தெரியலை."

அதைக் கேட்டதும் எனக்கு அந்தப் பானையைத் தோண்டியவன்மேல் கோபம் வந்தது. இன்னும் ஒரு வருஷம் கழித்துத் தோண்டியிருந்தால் குடியா முழுகிப்போயிருக்கும்?

ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "நம்ம சர்ச் சாமியாருப்பா! அடிச்சு அடிச்சு அச்சுல விரிசல் விட்டு, அந்த இடத்துல ஓட்டுமேல மேடு விழுந்திருக்கு. மூணும் அவர்தான். கிழவராயிட்டார், அவ்வளவுதான். இத்தனை நாள் அவரை வாலிபத்துல மட்டும்தானே பார்த்திருக்கேன்!"

தட்டு முடியும் தறுவாயில் இன்னொன்று வந்தது. சின்னத் தலை, அகலமான ஓடு, நான்கு கால்களும் எங்கேயோ அவசரமாக நீந்திப் போவதுபோல விரிந்திருந்தன. தன் படங்களோடு ஒப்பிட்டாள். வெளிச்சத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தாள். இந்தத் தடவை மறுபடி புரட்டவில்லை.

"இது புதுசு," என்றாள்.

லியாப்பிஸ் சங்கடத்தோடு நெளிந்தார். "அப்போ உங்க கணக்கு..."

"என் கணக்குல இது இருக்கு. அஞ்சாறு பேர் பாக்கின்னு எழுதியிருக்கேனே." காசை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். "வாடி கண்ணு. நீ இருக்கேன்னு எனக்குத் தெரியும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒளிக்க ஒன்றும் இல்லை, சந்தோஷத்தில் கலங்கியது. இத்தனை வருஷமாக இவள் பார்க்காததை எண்ணுகிறாள் என்று ஊரெல்லாம் கேலி பேசியவன் நான். அப்படி எண்ணியதில் ஒன்று இதோ அவள் கையில் படுத்திருந்தது.

வெளியே வந்து மியூசியப் படியில் உட்கார்ந்தோம். அவள் ரொட்டி வளையத்தைக் கடித்தாள். நல்ல பசி.

"இன்னும் நாலஞ்சு பேர் எங்கேயோ மண்ணுக்குள்ள இருக்காங்க, சரந்தி. அவங்க வெளியே வரும்போது என் கண்ணுக்குத் தெரியாது."

"வருத்தமா இருக்கா?"

"எதுக்கு?" என்றாள், வாய் நிறைய ரொட்டியோடு. "அவங்களையும்தான் சேர்த்து எண்ணிட்டேனே."