மத்தளத்தின் இடப்பக்கம் கேட்கிற இயர்பட்

ஒரு வருடத்துக்குள் மூன்று ஹெட்செட்கள் என்னிடம் வந்து உயிரை விட்டன. முதலாவது வயர் உள்ள ஹேண்ட்ஸ்ஃப்ரீ, களுவாஞ்சிகுடிச் சந்தியில் வாங்கியது. இரண்டு மாதம் உழைத்தது. வியர்வை வயர் வழியே இறங்கிப் பொத்தானுக்குள் போய்விட, நான் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது தன்பாட்டில் யாருக்காவது கோல் எடுக்கத் தொடங்கியது. ஒருநாள் காலை ஆறு மணிக்கு என் பழைய விரிவுரையாளருக்கு எடுத்துவிட்டது. மூச்சு வாங்கும் சத்தத்தை மட்டும் கேட்ட அவர் என்ன நினைத்தாரோ, நான் இன்னும் விளக்கம் சொல்லவில்லை.

இரண்டாவது வயரில்லாதது. அது பழுதாகவே இல்லை. வாவியில் விழுந்தது.

எங்கள் ஊர்த் துறையில் வாவியைக் கடக்கப் பாலம் இல்லை. பாதை என்று நாங்கள் சொல்லும் இயந்திர மிதவைதான் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு எங்கள் பக்கமான எழுவான்கரைக்கும் மறுபக்கப் படுவான்கரைக்குமாகப் போய்வரும். ஒரு மோட்டார் சைக்கிளுக்கு இடம்விட நான் குனிந்தபோது இடக் காதில் இருந்தது கழன்று, பலகை இடுக்கில் தட்டி, தண்ணீருக்குள் போய்விட்டது. பக்கத்தில் மீன் கூடையோடு நின்ற ஒருவர், இனி மீனுக்குப் பாட்டுக்குக் குறைவில்லை என்றார். கரை சேரும்வரை எல்லோருக்கும் அதுதான் கதை.

மூன்றாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மலிவு. உப்புக் காற்றில் அதன் தகடு பச்சை பூத்துவிட்டது.

பட்டம் முடித்து நியமனத்துக்குக் காத்திருந்த காலம் அது. பின்னேரம் டியூஷன், காலையில் ஓட்டம். இரண்டுக்கும் நடுவில் என்னால் வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. பத்துக் கிலோமீற்றரை ஐம்பது நிமிடத்துக்குள் ஓடவேண்டும் என்று மனதில் ஒரு கணக்கு வைத்திருந்தேன். எங்கள் பக்கம் பிரதான வீதி. பஸ்ஸும் லொறியும், எங்கே போகிறாய் என்று கேட்கிற ஆட்களும். மறுகரையில் வயல் வட்டைகளின் நடுவே நேராகப் போகும் வீதி. இரண்டு பக்கமும் வயல், ஆளரவம் குறைவு. முதல் பாதையில் அந்தப் பக்கம் போய், ஓடிவிட்டு, ஏழு மணிப் பாதையில் திரும்பிவிடுவேன்.

அந்த ஏழு மணி அம்மாவின் நிபந்தனை. மேற்கே யானை இறங்கும் இடம், பெண்பிள்ளை தனியாக ஓடுகிறாள், ஊர் என்ன சொல்லும் என்று அவவிடம் காரணங்கள் பல இருந்தன. எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றாக்கிவிட்டா. ஏழு மணிப் பாதையில் நான் இருக்கவேண்டும். ஒருநாள் தவறினால் ஓட்டம் அதோடு சரி.

ஓட்டத்துக்கு ஹெட்செட் ஏன் என்றால், எனக்கு அவசரம். முதல் இரண்டு கிலோமீற்றரைப் பறந்து ஓடிவிட்டு மிச்சத்தில் நாக்குத் தள்ளும். அதைத் தடுத்தது மத்தளம். பக்கத்துத் தெருவில் கூத்துப் பழகும்போது நானே போனில் பதிந்துகொண்டது. ஒரே தாளகதியில் நெடுநேரம் போகும். அதற்குக் காலை வைத்தால் வேகம் கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது. ஆனால் மலிவான ஹெட்செட்டில் மத்தளத்தின் வலப்பக்கம் மட்டும்தான் கேட்கும். இடப்பக்கத்தின் கனத்த அடி, கால் தரையில் படவேண்டிய அடி, தகரத்தில் தட்டுவதுபோல மெலிந்துவிடும். எனவே நாலாவது ஹெட்செட்டுக்கு என் பரீட்சை ஒன்றே ஒன்று: இடப்பக்கம் கேட்கவேண்டும்.

கட்டாரில் இருந்து லீவில் வந்திருந்த அத்தான், அதாவது அக்காவின் கணவர், என்னைக் காத்தான்குடிக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனார். அவருக்கு இந்தச் சாமான்கள் எல்லாம் மனப்பாடம். காதுக்குள் போகாமல் கன்னத்து எலும்பில் ஒட்டியிருக்கும் வகைதான் வீதியில் ஓடுகிறவர்களுக்கு நல்லது, வெளிச்சத்தமும் கேட்கும் என்றார். போட்டுப் பார்த்தேன். மத்தளம் வயலுக்கு அப்பால் எங்கோ அடிப்பதுபோல இருந்தது. வேண்டாம் என்றேன்.

கடைக்காரர் பொறுமைசாலி. நான் ஒவ்வொன்றாகக் காதில் போட்டு, தலையைக் குலுக்கி, கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் நின்ற இடத்திலேயே குதித்துக் குதித்துப் பார்த்தேன். நீர் தாங்கும் இலக்கத்தைப் பெட்டியில் தேடினேன். தொட்டால் வேலை செய்கிறவற்றை ஒதுக்கினேன். வியர்த்த விரல் பட்டால் அவை கண்டபடி நடக்கும், அமத்துகிற பொத்தான்தான் நிலைக்கும். அவர் கடைசியில் கேட்டார்:

“தங்கச்சி, இது ஓடுறத்துக்கா, வாவிக்குள்ள முழுகுறத்துக்கா?”

ரெண்டுக்கும்தான் என்றார் அத்தான்.

காதின் பின்னால் கொளுக்கி வளைந்து பிடிக்கிற ஒரு சோடியை எடுத்தேன். ரப்பர் முனைகள் மூன்று அளவில் இருந்தன. என் வலக் காதுக்கு நடு அளவு, இடக் காதுக்குச் சின்னது. இத்தனை நாளும் இடப்பக்கமே கழன்று விழுந்ததற்குக் காரணம் அன்றைக்குத்தான் விளங்கியது. சரியான முனையைப் போட்டதும் கடைச் சத்தம் நின்றது. இடப்பக்கத்து அடி நெஞ்சுக்குள் கேட்டது. அதையே வாங்கினேன்.

இரண்டு கிழமை நன்றாகப் போனது. ஓடி வந்ததும் ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, முனைகளைக் கழற்றிக் காயவைத்தேன். பத்துக் கிலோமீற்றர் ஐம்பத்தொரு நிமிடத்துக்கு வந்தது.

எங்கள் பாதைக்கு மணி கிடையாது. வெளிக்கிடும் நேரம் வீதியில் தெரிந்த ஆள் யாராவது வந்துகொண்டிருந்தால் பாதையில் இருப்பவர்கள் கூப்பிடுவார்கள். ஓம் என்று பதில் குரல் வந்தால் பாதை நிற்கும், எத்தனை பேருக்கு அவசரமானாலும் நிற்கும். குரல் வராவிட்டால் அந்த ஆளுக்கு இந்தப் பாதை தேவையில்லை என்று அர்த்தம். நான் பிறந்த நாளில் இருந்து பார்க்கிற வழக்கம் இது.

அன்றைக்கு ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால், துறைக்குக் கிட்டத்தட்ட முந்நூறு மீற்றரில், கடைசி நீட்டை அளந்து ஓடிக்கொண்டிருந்தேன். பார்வை வீதியில், காது மத்தளத்தில். நிமிர்ந்து பார்த்தபோது பாதை கரையை விட்டுப் பத்துப் பன்னிரண்டு பாகத் தூரம் போயிருந்தது. அதில் நின்ற பாதி ஊரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டு போனது.

அடுத்த பாதை எட்டு மணிக்கு. அம்மாவுக்குக் கோல் எடுத்துச் சொன்னேன். சரி, வா என்றா.

எட்டு மணிக்கு வந்த பாதைக்கார அண்ணனின் முகத்தில் கோபம் இருந்தது.

“ஆறு தரம் கூப்பிட்டம் புள்ள. நீ திரும்பியும் பாக்கல்ல. மறுகா நாங்க என்னண்டு நிக்கிற?”

வீட்டுக்கு வந்தபோது அம்மாவுக்கு முழுக் கதையும் முன்பே வந்து சேர்ந்திருந்தது. ஆறு தரம் கூப்பிட்டது பத்துத் தரமாகியிருந்தது. பிந்தியதைவிட, கூப்பிட்டும் கேட்காமல் போனதுதான் அவவைச் சுட்டது. யானை வந்து ஆட்கள் கத்தினாலும் இப்படித்தானே ஓடியிருப்பாய் என்று கேட்டா. ஓட்டம் நின்றது.

மூன்று நாள் வீட்டு வளவைச் சுற்றி நடந்தேன். அத்தான் எனக்காகக் கதைத்துப் பார்த்தார், எடுபடவில்லை. காதில் போட்ட சாமானைக் கடையில் மாற்றித் தரவும் மாட்டார்கள். நாலாம் நாள் போனின் அமைப்புகளைக் கிண்டிக்கொண்டிருந்தபோது, இரண்டு காதுக்கும் பிரிந்து போகிற ஒலியை ஒன்றாக்கி ஒரே காதுக்கு அனுப்புகிற வசதி இருப்பதைக் கண்டேன். வலக் காதில் மட்டும் போட்டேன். மத்தளம் முழுதாகக் கேட்டது. இடக் காது திறந்திருந்தது.

அம்மாவிடம் போய்ச் சோதித்துப் பார்க்கச் சொன்னேன். நான் முற்றத்தில் நின்ற இடத்தில் ஓடுவது, அவ எனக்குப் பின்னால் குசினிக்குள் இருந்து மூன்று தரம் கூப்பிடுவது. மூன்றுக்கும் நான் ஓம் சொன்னால் ஓட்டம் உண்டு. ஒன்று தவறினாலும் நானே ஹெட்செட்டை அக்காவிடம் கொடுத்துவிடுவேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டே சரி என்றா.

ஓடத் தொடங்கினேன். முதல் தரம் கூப்பிட்டது தெளிவாகக் கேட்டது. இரண்டாவது சத்தம் குறைவு, அதற்கும் ஓம் என்றேன். பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை. மத்தளம் போய்க்கொண்டே இருந்தது. தவறவிட்டுவிட்டேனோ என்று இடக் காதைக் குசினிப் பக்கம் சாய்த்தேன். இலையோ குரலோ தெரியவில்லை, ஏதோ ஒன்று கேட்டது. இருந்த மூச்செல்லாம் சேர்த்து ஓம் என்று கத்தினேன்.

அம்மா கையில் தேங்காய்ப் பாதியோடு வெளியே வந்தா.

“ரெண்டு தரம்தான் கூப்பிட்டன். மூண்டாவது இன்னும் கூப்பிடல்ல. ஆருக்குகா ஓம் எண்டாய்?”

அத்தான் உள்ளே போய்ச் சிரித்தார். கேட்காமல் போயிருக்குமோ என்ற பயத்தில் சொன்னேன் என்று உண்மையைச் சொன்னேன். அம்மா தேங்காய்ப் பாதியை மற்றக் கைக்கு மாற்றினா.

“பாதைக்காரனுக்கு உன்ட காதா வேணும்? ஓம்தானே வேணும். துறைக்குக் கிட்ட வரக்குள்ள அவன் கூப்பிட்டாலும் கூப்பிடாட்டியும் ஓம் ஓம் எண்டு கத்திக்கொண்டு வா.”

மறுபடி குசினிக்குள் போனா. மூன்றாவது தரம் கூப்பிட்டது அப்போதுதான், தேநீர் குடிக்க.

அடுத்த நாள் காலை ஒரு காதோடு ஓடினேன். துறை தெரிகிற வளைவில் மத்தளத்தை நிறுத்திவிட்டு, சொன்னபடியே கத்தத் தொடங்கினேன். இரண்டு கொக்குகள் வயலில் இருந்து எழும்பிப் போயின. பாதையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

“இன்னும் கூப்பிடவே இல்லகா” என்றார் பாதைக்கார அண்ணன்.

நான் ஏறும்வரை கயிற்றை யாரும் அவிழ்க்கவில்லை.